சத்தமாய்ப் பேச முடியாதவர்கள்



2023-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. உபவாச ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி பத்தே முக்கால் இருக்கும். போன் அடித்தது. நம்முடைய சபைக்குப் பல வருஷமாய் வருகிற ஒரு சகோதரி. பேசுகிறார்கள், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. காற்றுச் சத்தம்தான் கேட்கிறது.

"அம்மா, கொஞ்சம் சத்தமா பேசுங்க. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"சத்தமா பேச முடியாது ஐயா. காயப்போட்ட துணிய எடுக்கிற சாக்குல மாடிக்கு வந்திருக்கேன். கீழ எல்லாரும் இருக்காங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "ஐயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். மூணு வாரமா 14416-க்குப் போன் போட்டுப் பேசிக்கிட்டிருக்கேன். ஜெபிக்கிறத விட்டுட்டு மனுஷங்ககிட்ட போயிட்டேன். இது பாவமா ஐயா?"

14416 என்பது மத்திய அரசு 2022-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கின மனநல உதவி எண். டெலி மானஸ் என்று பெயர். கட்டணம் கிடையாது. இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அந்தச் சகோதரி எதற்காக அதற்குப் போன் பண்ணினார்கள் என்று கேட்டேன். "இருந்து என்ன பிரயோஜனம்னு தோணிச்சு ஐயா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

பிரியமானவர்களே, உண்மையைச் சொல்லுகிறேன். அதைக் கேட்டதும் என் மனதில் முதலாவது வந்தது இரக்கம் அல்ல, வருத்தம். நான் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறேன்! "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் அமைதி. பிறகு, "கோவிச்சுக்காதீங்க ஐயா. அந்தப் பிரதர் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. அதான்..." என்றார்கள்.

அந்தப் பிரதர் விஷயம் இது. அதற்கு முந்தின வருஷம் ஒரு சகோதரன் என்னிடம் போனில் தன் மனபாரத்தைச் சொன்னார். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். அடுத்த உபவாச ஜெபத்தில், எல்லாரும் பாரத்தோடு ஜெபிக்கட்டும் என்று நினைத்து, அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள் பேர் சொல்லித்தானா தெரிய வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். "பரவாயில்ல பாஸ்டர்" என்றார். சபைக்கு மட்டும் வரவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தச் சகோதரிக்கு வாசித்துக் காண்பித்தேன். இரண்டு இடங்களில் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அந்தச் சகோதரனிடமும் கேட்டேன். "என் கதை வேண்டாம், உங்க தப்ப மட்டும் எழுதுங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

அன்று மாடியிலிருந்து வந்த கேள்விக்கு நான் உடனே சொன்ன பதில், "பாவம் இல்லம்மா, தொடர்ந்து பேசுங்க" என்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டிலிருந்தபடியே, முகம் தெரியாத ஒருவரிடம், போனிலோ வீடியோவிலோ மனதைத் திறந்து ஆலோசனை கேட்பது சரிதானா? அது உண்மையான உதவிதானா? இல்லை, உடம்பைக் கழட்டி வைத்துவிட்டு வெறும் சத்தத்தோடு உறவாடுகிற ஒரு காரியமா? இதைக் குறித்து நான் யோசித்ததை உங்கள் முன் வைக்கிறேன். நீங்களும் நிதானித்துப் பாருங்கள்.

1. பக்கத்தில் இருப்பது என்றால் என்ன?

"நேருல வந்து பேசுறதுதான் பேச்சு, போன்ல என்ன ஆலோசனை?" என்று நம்மில் மூத்தவர்கள் சொல்லுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சபை வாசலில் நடப்பதைப் பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நான் கை கொடுத்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறேன். "கிருபையால நல்லா இருக்கேன் ஐயா" என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அந்தச் சகோதரியும் அந்த மூன்று வாரமும் அப்படித்தான் சொன்னார்கள். முகத்துக்கு முகம் நின்றோம், கையைப் பிடித்தோம், ஆனால் உண்மை அங்கே இல்லை. உண்மை 14416-இல் இருந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது என் தகப்பனார் மும்பையில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறை என் தாயார் என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார்கள். ராத்திரியில் கட்டணம் குறைவு, ஆகவே அந்த நேரத்தில் வரிசை நிற்கும். கண்ணாடிக் கதவு சரியாய்ச் சாத்தாது. மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அம்மா, "இங்க எல்லாரும் சுகம், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றதை ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்லுவார்கள்? பின்னால் ஆறு பேர் நிற்கிறார்களே!

ஆக, தூரம் ஒரு காரியம், மறைவு வேறொரு காரியம். பக்கத்தில் நிற்கிறவனெல்லாம் பக்கத்தில் இருக்கிறவன் அல்ல. யாரிடத்தில் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிகிறதோ, அவன்தான் நமக்குப் பக்கத்தில் இருக்கிறவன். அவன் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

2. இது உலகத்தார் கண்டுபிடித்ததா?

போனில் ஆலோசனை என்பது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் காரியம் என்று நினைக்க வேண்டாம். அதைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர்கள் சபை ஊழியர்கள்தான்.

இங்கிலாந்தில் சாட் வாரா என்று ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935-இல், ஊழியத்தின் ஆரம்பத்தில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் அடக்கம் பண்ண வேண்டியதாயிற்று. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அதை ஏதோ கெட்ட வியாதி என்று நினைத்து, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லாமல், தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தச் சவக்குழி அவர் நினைவைவிட்டு அகலவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தான் ஊழியம் செய்த ஆலயத்தில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, சாக நினைக்கிறவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் என்கிற ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது.

அங்கே நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நேரில் அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளி அறையில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத் துணைக்கு உட்கார, சாதாரண ஜனங்கள் சிலர் உதவிக்கு வந்திருந்தார்கள். நாளடைவில் சாட் வாரா ஒன்றைக் கண்டுகொண்டார். அந்த டீ கொடுக்கிறவர்களிடம் பேசிவிட்டே அநேகர் பாரம் இறங்கித் திரும்பிப் போனார்கள். குருவானவரைப் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. 1954-இல் அந்த வேலையை அவர் அந்தத் தொண்டர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டார். எத்தனை போதகர்களுக்கு இப்படி ஒதுங்கிக்கொள்ள மனம் வரும்? எனக்கு வருமா என்று கேட்டுப் பார்த்தேன். சுலபமாய் வராது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் ஆலன் வாக்கர் என்கிற மெதடிஸ்ட் போதகர், மனமுடைந்த ஒரு மனிதரோடு போனில் பேசினார். பிற்பாடு அந்த மனிதர் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பாரத்தில் அவர் 1963 மார்ச்சில் லைஃப்லைன் என்கிற தொலைபேசி ஊழியத்தைத் தொடங்கினார். நம்முடைய சென்னையிலேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஸ்நேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே வேதனைதான் இருக்கிறது. சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் இவர்கள் செத்திருக்க மாட்டார்களே என்கிற வேதனை.

3. வேதம் எந்தப் பக்கம்?

தேற்றரவாளன் நமக்குள் வாசமாயிருக்கும்போது மனுஷனிடம் ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் பிராணனை எடுத்துக்கொள்ளும் என்கிற நிலைக்கு அவன் வந்துவிட்டான். கர்த்தர் அவனுடைய விசுவாசத்தைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். பேச்சு அதற்கு அப்புறம்தான். பவுலோடேகூட வைத்தியனான லூக்கா இருந்தான். அதனால் பவுலுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. மனிதனைக் கொண்டு உதவி செய்வது தேவனுடைய வழக்கம்.

சரி, தூரத்திலிருந்து வருகிற உதவியைக் குறித்து என்ன? கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதி, ஆண்டவரைத் தன் வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லி, ஒரு வார்த்தை மாத்திரம் கேட்டான். வார்த்தை போயிற்று, வேலைக்காரன் சுகமானான். தூரம் தடையாயிருக்கவில்லை. அதே சமயம், யோவான் தன் சிறிய நிருபங்களை முடிக்கும்போது, எழுத இன்னும் அநேகம் உண்டு, ஆனால் மையினால் வேண்டாம், நேரில் கண்டு பேச விரும்புகிறேன் என்கிற கருத்தில் முடிக்கிறார். பவுல் தெசலோனிக்கேயருக்கு நிருபம் எழுதினது மட்டுமல்ல, பொறுக்கமாட்டாமல் தீமோத்தேயுவையும் அனுப்பி வைத்தார்.

இரண்டும் வேதத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து வருகிற வார்த்தை மெய்யான வார்த்தைதான். ஆனாலும் அது, முகத்தைக் காண வேண்டும் என்கிற தாகத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. காகிதமும் வேண்டும், தீமோத்தேயுவும் வேண்டும்.

உலகத்து ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில், மனச்சோர்வு வியாதி உள்ள 325 பேரை வைத்து நடத்தின ஒரு ஆராய்ச்சி 2012-இல் வெளியானது. பாதிப்பேருக்கு நேரிலும் பாதிப்பேருக்குப் போனிலும் ஒரே விதமான ஆலோசனைச் சிகிச்சை கொடுத்தார்கள். நேரில் வர வேண்டியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 33 பேர் பாதியிலே நின்றுவிட்டார்கள். போனில் பேசினவர்களில் 21 பேர்தான் நின்றார்கள். சிகிச்சை முடிந்த சமயத்தில் இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் வந்தவர்கள் சற்று மேலான நிலையில் இருந்தார்கள்.

போனில் ஏன் அதிகம் பேர் நிலைத்திருக்கிறார்கள் என்பதை நம் ஊர் நிலைமையில் யோசித்துப் பாருங்கள். பஸ் செலவு. அரைநாள் கூலி நஷ்டம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்கிற கவலை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனநல மருத்துவர் என்று போர்டு மாட்டின வாசலில் ஏறும்போது யாராவது பார்த்துவிட்டால் மகளுக்கு வரன் வராதே என்கிற பயம். வீட்டிலிருந்து பேசினால் இவ்வளவும் மிச்சம். அதை நான் குறைவாய்ச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. போனில் பேசுகிறவருக்கு வேண்டாம் என்றால் வைத்துவிட உரிமை இருக்கிறது. என் முன்னால் உட்கார்ந்திருக்கிற விசுவாசிக்கு அந்த உரிமை இல்லை. எழுந்து போனால் பாஸ்டர் என்ன நினைப்பார் என்று பயந்து உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சொல்லுக்கு உட்கார்ந்தே பழகின ஒரு பெண்ணுக்கு, தானே நிறுத்தலாம், தானே மறுபடி கூப்பிடலாம் என்பது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் கேட்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. அவன்தான் கடைசிவரை போனைப் பிடித்திருக்க வேண்டும்.

4. இரகசியம் காக்கப்படுகிறதா?

இப்போது என்னை அதிகம் குத்தின காரியத்துக்கு வருகிறேன். முகம் தெரியாத ஒருவரிடம் நம் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? அவருக்கு நம்மைத் தெரியாது என்பதற்காகவே போகிறார்கள். அவர் நம் தெருவுக்கு வரமாட்டார். நம் சம்பந்தி வீட்டாரோடு பேசமாட்டார். அதோடு, சட்டமும் அவரைக் கட்டுகிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையில் சொல்லப்படுகிறவை இரகசியமாய்க் காக்கப்படுவது அந்த மனிதருடைய உரிமை என்கிறது. உயிராபத்து போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எண்ணப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. சட்டத்துக்கே இவ்வளவு இரக்கம் இருக்கும்போது, கிருபையைப் பிரசங்கிக்கிற நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

ஆன்லைன் என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. பின்லாந்து தேசத்தில் ஒரு மனநல ஆலோசனை நிலையத்தின் கம்ப்யூட்டரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களின் அந்தரங்கக் குறிப்புகளைத் திருடி, 2020-இல் அவர்களையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். அமெரிக்காவில் பேர்பெற்ற ஒரு ஆன்லைன் ஆலோசனைக் கம்பெனி, தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்று, 2023-இல் அந்த நாட்டு அரசு அமைப்பு 78 லட்சம் டாலர் கட்டும்படி செய்தது. ஆகவே கண்ட விளம்பரத்தையும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் என்ன படித்தவர், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், நான் சொல்லுவதை எழுதி வைப்பீர்களா, அதை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஆனால் பிரியமானவர்களே, பின்லாந்துத் திருடனை நாம் குற்றப்படுத்தும்போது நம் வாட்ஸ்அப் குரூப்பையும் திறந்து பார்ப்போம். "ஜெபிக்கவும், இன்ன சகோதரியின் குடும்பத்தில் சமாதானம் இல்லை" என்று போடுகிறோம். அதை எத்தனை பேர் வாசிக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் முழங்கால் படியிடுகிறார்கள், எத்தனை பேர் போனை எடுத்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார்கள்? கம்ப்யூட்டர் திருடனாவது பணத்துக்காகச் செய்தான். நாம் ஜெபம் என்கிற பேரில் செய்கிறோம். முதலாவது செய்தவன் நான்.

5. வீடு பாதுகாப்பான இடமா?

வீட்டிலிருந்தே பேசலாம் என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். எந்த வீடு? ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹாலிலே மாமனார் கட்டில், டிவி, படிக்கிற பிள்ளைகள். காதில் ஹெட்போன் மாட்டினால் ஆலோசகர் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது, சரிதான். ஆனால் நாம் பேசுவது கேட்குமே! சொல்ல வேண்டியது அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பற்றித்தான் என்றால் என்ன செய்வது? போனே கணவர் பேரில் இருந்தால்? யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினாய் என்று தினமும் எடுத்துப் பார்க்கிற வீடாயிருந்தால்?

காயம் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ, அதே வீட்டில் உட்கார்ந்து காயத்தைத் திறந்து காட்டு என்றால் அது எப்படி முடியும்? ஆகவேதான் அவர்கள் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போகிறார்கள். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் தெருக்குழாய்க்குப் போகிறார்கள். நல்ல ஆலோசகர் முதலாவது, "இப்ப பேச முடியுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார். ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடியபடி கேள்வி கேட்பார். நம்மை யாராவது கூப்பிட்டாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். நானோ, சத்தமாய்ப் பேசச் சொன்னேன்.

வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்கிற எண்கள் இருக்கின்றன. இதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். போனில் பதிந்து வைக்க முடியாதவர்கள் நம்மிலே இருக்கிறார்கள்.

6. போன் போதாத நேரம்

போனுக்கு எல்லை உண்டு. ஒருவர் இன்று ராத்திரியே தன்னை மாய்த்துக்கொள்ளத் துணிந்துவிட்டார் என்றால், போனை வைக்காமல் பேசிக்கொண்டே, நேரில் ஒரு ஆளை அவர் பக்கத்தில் அனுப்ப வேண்டும். தனியே விடக் கூடாது. அந்த இடத்தில் இரகசியத்தைக் காட்டிலும் உயிர் பெரிது. தேவையான ஒரே ஒருவருக்கு, தேவையானதை மட்டும் சொல்லலாம், ஊருக்கல்ல. இல்லாத சத்தம் காதில் கேட்கிறது, நாட்கணக்காய்த் தூக்கம் இல்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஜெபிப்போம், கூட்டிக்கொண்டும் போவோம். ஒன்று மற்றொன்றுக்கு விரோதம் அல்ல. எலியாவைத் தட்டி எழுப்ப ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை போன் வழியாய் வராது.

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன். அதிலே ஆலோசனை ஊழியம் என்று ஒரே ஒரு பாடம். அதை வைத்துக்கொண்டு எல்லா மனபாரத்துக்கும் நானே மருந்து என்று இருபது வருஷம் உட்கார்ந்திருந்தேன். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இராப்பகலாய் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஆலோசகர்கள்தான். வாயைத் திறந்தபோதுதான் கெட்டது. உட்கார நமக்குத் தெரியும், பாய் இருக்கிறது, நேரம் இருக்கிறது. பேசாதிருக்கத்தான் தெரியவில்லை.

ஆகவே என் முடிவு இது. போனில் ஆலோசனை கேட்பது அவிசுவாசம் அல்ல. அது முழுமையும் அல்ல. தூரத்திலுள்ள ஆலோசகர் கேட்கட்டும், பக்கத்திலுள்ள நாம் தாங்குவோம். அவர்கள் உயிரைப் பிடித்து நிறுத்தட்டும், நாம் அரிசியும் பால் பாக்கெட்டும் கொண்டுபோவோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்வோம், ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசையில் நிற்போம். நம் ஜனங்கள் நம்மைவிட்டு அந்நியரிடம் போகிறார்கள் என்றால், அந்நியரோடே போட்டி போடாமல், ஏன் போனார்கள் என்று நம்மை நாமே கேட்போம்.

மூப்பர்களோடு பேசி இரண்டு தீர்மானம் எடுத்திருக்கிறோம். முதலாவது, இனி நம் சபையில் ஒருவரைக் குறித்த ஜெபக்குறிப்பு, அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தாலொழிய வாசிக்கப்படாது. வாட்ஸ்அப்பிலும் போடப்படாது. மற்றவர்களுக்காக, பேரும் விஷயமும் சொல்லாமல் ஜெபிப்போம். கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

இரண்டாவது, பாயும் கீபோர்டும் வைத்திருந்த பக்க அறையைக் காலி பண்ணியிருக்கிறோம். ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக், உள்ளே தாழ்ப்பாள். வீட்டில் பேச முடியாத யாரும், எந்த ஆலோசகரிடமும், எந்த எண்ணுக்கும் அங்கிருந்து பேசலாம். யாரிடம் பேசினீர்கள் என்று நானும் கேட்கமாட்டேன், என் மனைவியும் கேட்கமாட்டாள். வெளியே வரும்போது ஒரு டீ இருக்கும். பேச விருப்பமில்லாவிட்டால் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகலாம். சாவி யாரிடம் இருக்கிறது, எந்த நாள், எந்த நேரம் என்பதை இங்கே எழுதவில்லை. இந்தப் பத்திரிகை எல்லாருடைய வீட்டிலும் கிடக்கும். பெண்கள் ஜெபக் கூட்டத்தில் சகோதரிகளுக்கும், வாலிபர் கூட்டத்தில் வாலிபர்களுக்கும் வாயினாலே சொல்லுவோம்.

அந்தச் சகோதரி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண்ணில் பேசினவர்கள் சொன்னபடி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்கள். வீட்டுப் பிரச்சனை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் கை கொடுத்து எப்படி இருக்கீங்க என்று கேட்டால், சில வாரம் "பரவாயில்ல ஐயா" என்றும், சில வாரம் "இந்த வாரம் சரியில்ல ஐயா" என்றும் சொல்லுகிறார்கள். இத்தனை வருஷ ஊழியத்தில் அந்த வாசலில் எனக்குக் கிடைத்த மெய்யான பதில் அதுதான்.

அந்தச் சகோதரன் இன்னும் திரும்பி வரவில்லை. அவருக்காக ஜெபியுங்கள் என்று இங்கே கேட்கமாட்டேன். எனக்காக ஜெபியுங்கள். கேட்ட காதுக்கு ஏற்றபடி வாயைக் காத்துக்கொள்ள எனக்குக் கிருபை வேண்டும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.